நாலடிக்கு அரை அங்குல வாட்டம்

சரவணா,

படிக்கத் தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது; எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவிடமிருந்து இவ்வளவு தடியான உறை வந்தால் நீ முதலில் அதைத்தான் நினைப்பாய். இது உன் வண்டியைப் பற்றிய கடிதம். போன ஞாயிற்றுக்கிழமை போனில், "அந்த வண்டிய எடைக்குப் போட்டுடுங்கப்பா, கோணவண்டிய வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க" என்று சொன்னாய். அங்கேயே வீடு வாங்கிவிட்டதாகவும், இனி அதற்காக நான் சிரமப்பட வேண்டாம் என்றும் சொன்னாய். நானும் சரி என்றேன். பழைய இரும்பு எடுப்பவருக்குச் சொன்னேன், அவர் சனிக்கிழமை வருவதாகச் சொன்னார். இந்த ஒரு வாரத்தில் நான் தெரிந்துகொண்டது இதுதான்: அது கோணவண்டி இல்லை. உன் வேலையில் எந்தக் கோணலும் இல்லை. ஐந்து வருடமாக நீ அப்படி நம்பிக்கொண்டிருப்பதற்கு நான் காரணம். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ "அப்புறம்பா?" என்று கேட்டதும் எனக்கு "அப்புறம் ஒண்ணுமில்ல" என்பது மட்டும்தான் வரும். அதனால் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுவேன், பொறுத்துக்கொள். முப்பத்தோரு வருடம் பாலிடெக்னிக்கில் அளவீட்டுப் பாடம் நடத்தியவனுக்குத் தொடக்கத்திலிருந்து வராமல் முடிவைச் சொல்ல வராது. உன் மகளுக்கு இப்போது இரண்டு வயது. போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். அவள் என்றைக்காவது இதைப் படித்தால் அவளுக்கும் விளங்க வேண்டும்.

நீ காட்டாங்குளத்தூரில் கடைசி வருடம் படிக்கும்போதுதான் அந்த வண்டியை முதலில் பார்த்தாய். கீழ்க்கட்டளையில் மெக்கானிக் யூசுப் பாயின் ஷெட்டில், பின்பக்கம் நொறுங்கி, மேலே தார்ப்பாய் போட்டு, நாய் படுக்கும் இடமாகக் கிடந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். என் இடுப்பு உயரம்கூட இல்லை. ஃபைபர் உடம்பு. நம் அஸ்தினாபுரம் தெருவில் அப்படியொரு வண்டி அதற்கு முன் வந்ததில்லை. இரண்டு வருடம், படிப்பு முடிந்த பிறகும், காலையில் டிபன் பாக்ஸோடு போய் இருட்டும் முன் கிரீஸ் கையோடு திரும்பினாய். பின்புறச் சட்டத்தை வெட்டி, புதிதாக வெல்டிங் வைத்து, ஸ்பிரிங்குகள் உட்காரும் இடத்தை நீயே செய்தாய். நான் ஒருநாள்கூட ஷெட்டுக்கு வந்து பார்க்கவில்லை. வந்து பார்த்தால் பிடித்துப் போய்விடுமோ என்ற பயம் என்று இன்று சொல்லலாம். அன்று எனக்கே அது தெரியாது. பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வண்டி வீட்டுக்கு வந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா காலையிலேயே பஸ் ஏறி ஷெட்டுக்கு வந்துவிட்டாள். உன் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையைத் தலையோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊர்வலம் மாதிரி தெருவுக்குள் வந்தாள். பின்னாலேயே யூசுப் பாய் தன் ஸ்கூட்டரில் வந்தார். போர்டிகோவில் வண்டியை நிறுத்தியதும் அம்மா இறங்கத் தெரியாமல் சிரித்தாள். "எவ்ளோ நேரா போச்சு தெரியுமாங்க? தண்ணி டம்ளர் வெச்சிருந்தாக்கூடத் தளும்பியிருக்காது" என்றாள். சாப்பிடும்போது நீ அந்த விஷயத்தைச் சொன்னாய். வெளிநாட்டு வேலைக்கான கடிதம் டிவி மேல் கிடந்தது, அதற்கு நீ வேண்டாம் என்று எழுதப் போகிறாய். பாயோடு சேர்ந்து ஷெட் நடத்தப் போகிறாய். ஷெட்டில் உனக்கென்று ஒரு மூலையைப் பாய் ஒதுக்கிவிட்டார். நான் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரிடமும் எதையும் வேண்டாம் என்று நேராகச் சொல்ல எனக்கு வராது. பிரின்சிபாலிடம் வராது, பால்காரரிடம் வராது. "யோசிச்சுச் செய்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.

கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்தபோதுதான் பின்னாலிருந்து வண்டியைப் பார்த்தேன். இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நிற்பதாகப் பட்டது. மாடியில் வைத்திருந்த தண்ணீர் டியூபை எடுத்து வந்தேன். வீடு கட்டும்போது கொத்தனார் விட்டுப் போன, உள்ளே தண்ணீர் தெரியும் பிளாஸ்டிக் டியூப். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், எவ்வளவு தூரம் என்றாலும். சாதாரணமாக எல்லாரும் ஸ்கேலைத் தரையில் ஊன்றித்தான் அளப்பார்கள். தரை மேடு பள்ளமாக இருக்கும், தண்ணீர் அப்படியில்லை என்று எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம். ஒரு முனையை வலது பின் மட்கார்டின் விளிம்பில் யூசுப் பாயைப் பிடிக்கச் சொன்னேன். இன்னொரு முனையோடு இடது பக்கம் குனிந்தேன்.

"பாய், விளிம்புக்கு நேரா புடிங்க. ஆடக் கூடாது."

"புடிச்சிகினுதான் கீறேன் சார். வண்டிய இன்னா பொண்ணு பாக்க வந்தா மாதிரி இப்டி குனிஞ்சு குனிஞ்சு பாக்கறீங்க?"

அம்மா சிரித்தாள். நீயும் சிரித்தாய். நான் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன்.

"இடது பக்கம் பதினெட்டு மில்லிமீட்டர் தாழ்வு" என்றேன்.

நீ சிரிப்பை நிறுத்தி, "ஆறுதானேப்பா வரணும்?" என்று கேட்டாய்.

"ஆறு எப்படி வரும்? சரியா இருந்தா பூஜ்யம்தான் வரணும்."

நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய். பிறகு, "பதினெட்டா? நல்லாப் பாத்தீங்களா?" என்றாய்.

"தண்ணி பொய் சொல்லாதுப்பா" என்று சொல்லி டியூபைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். வந்து என் நோட்டில் எழுதியும் வைத்தேன். இடது பின்புறம், 18 மி.மீ. தாழ்வு.

அந்த ஒரு வாரம் நீ வண்டிக்கு அடியில்தான் இருந்தாய். டயர்க் காற்றைச் சரிபார்த்தாய். இரண்டு ஸ்பிரிங்குகளையும் கழற்றி அருகருகே நிறுத்தி உயரம் பார்த்தாய், ஒன்றாக இருந்தன. ஷாக் அப்சார்பரை அமுக்கி அமுக்கிப் பார்த்தாய், குறையில்லை. எல்லாம் சரி என்றால் மீதி இருப்பது ஒன்றுதான், நீ வைத்த வெல்டிங். சனிக்கிழமை மாலை கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாய். "வெல்டிங் சூட்டுல சட்டம் இழுத்துக்கிச்சுப்பா. எனக்குக் கண்ணுலயே தெரியல. அடுத்தவங்க வண்டில இப்படி வெச்சு, அவங்க அதுல குடும்பத்தோட போனா என்ன ஆகும்? எனக்குக் கை சரியில்லப்பா" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கலாம். ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு சாப்பிடும்போது அம்மா மெதுவாக, "ஒரு வாரமா அவன் மொகமே வாட்டமா இருக்குங்க. என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். "சரியாப் போயிடும்" என்றேன். இரண்டு மாதத்தில் நீ விமானம் ஏறிவிட்டாய்.

இதற்குப் பிறகு எழுத வேண்டியதை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்த முறை கிழிக்கப் போவதில்லை. என் வாழ்நாளில் எந்த அளவையும் மூன்று முறை எடுக்காமல் நான் எழுதியதில்லை. மாணவர்களையும் எழுத விட்டதில்லை. ஒரு முறை எடுத்துவிட்டு மற்ற இரண்டையும் கற்பனையில் எழுதிய பையன்களைக் கண்டுபிடித்து, திரும்பச் செய்யவைத்திருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு முறைதான் அளந்தேன். பதினெட்டு என்று கண்ணில் பட்டதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. நான் வாய் திறந்து சொல்லத் துணியாததை அந்த எண் சொல்லிவிடும் என்று எனக்குத் தெரிந்தது. இன்னொரு முறை அளந்தால் அது மாறிவிடுமோ என்றுதான் டியூபைச் சுருட்டினேன். நீ அளக்கக் கற்றுக்கொண்டதே என்னிடம்தான்; ஆறாவது படிக்கும்போது வெர்னியரைக் கையில் கொடுத்து, உன் கோலிக் குண்டுகளை எல்லாம் அளக்கச் சொன்னேன். அதனால் நீ உன் இரண்டு வருட வேலையைச் சந்தேகப்பட்டாய், என் ஒரு நிமிட அளவைச் சந்தேகப்படவில்லை. அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

நீ போன இரண்டாவது வருடம் அம்மா போய்விட்டாள். நீ வந்து பதிமூன்று நாள் இருந்தாய். வண்டிக்குப் போட்ட உறையை நீ ஒருமுறைகூட விலக்கவில்லை. செருப்பை விடும்போதுகூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நான் கவனித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு எனக்கும் வண்டிக்கும் ஒரு ஒழுங்கு உண்டாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை உறையைத் தட்டி உதறுவேன். மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று டயர் சப்பையாகாமலிருக்க, பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து ஒரு சாண் முன்னே பின்னே தள்ளி நிறுத்துவேன். ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்து முடிந்ததும் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிடுவேன். ஜன்னல் வழியாகக் கையை விட்டு சாவியைத் திருப்புவேன், உள்ளே உட்கார மாட்டேன். அந்தச் சத்தம் நின்ற பிறகு, அடுத்த ஞாயிறு வரைக்கும் இந்த வீட்டில் பெரிய சத்தம் என்று எதுவும் கிடையாது. மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்கள் இருக்கின்றன. அரை லிட்டர் பால் எனக்கு இரண்டு நாள் வருகிறது. சில நாள் காலையில் பேச ஆரம்பித்தால் தொண்டை அடைத்துக்கொண்டிருக்கும். யோசித்துப் பார்த்தால் முந்தின நாள் முழுக்க யாரிடமும் பேசியிருக்க மாட்டேன். இதை உன்னைச் சங்கடப்படுத்த எழுதவில்லை. உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்று தொடங்கியதால் எழுதுகிறேன்.

நீ விற்றுவிடச் சொன்ன மறுநாள், இரும்புக்காரர் பார்க்கட்டும் என்று உறையைக் கழற்றி மடித்து வைத்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சாரல் போர்டிகோவுக்குள் அடித்தது. நான் கதவருகே நாற்காலியில் உட்கார்ந்து, நான்கு நாளில் போகப்போகிற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது பின் டயரின் அடியில் சேர்ந்த தண்ணீர் மெல்ல ஒரு கோடாக நகர்ந்தது. வண்டிக்கு அடியில் குறுக்காக, கயிறு பிடித்தது போல நேராக ஓடி, இடது பின் டயரில் முட்டி நின்றது. இத்தனை வருடம் உறை தரைவரை தொங்கியதால் அடியில் நடப்பதைப் பார்த்ததில்லை. எனக்கு அப்போது வண்டி நினைவு வரவில்லை. கொத்தனாரின் குரல்தான் வந்தது.

நீ பிறப்பதற்கு முந்தின வருடம் இந்த வீட்டைக் கட்டினோம். போர்டிகோ தரை போடும்போது நான் கூடவே நின்றேன். மழைத் தண்ணீர் வலப்புறம் தேங்கினால் சுவர் ஈரம் குடிக்கும் என்று எனக்குக் கவலை. இடப்புறம் செடிப் பக்கமாகத் தண்ணீர் ஓட வேண்டும், நாலடிக்கு அரை அங்குலம் வாட்டம் கொடுங்கள் என்றேன்.

"அவ்ளோ வாட்டம் வாணாம் சார். பாதி போதும். இவ்ளோ வுட்டா நாளைக்கு எத நிறுத்துனாலும் ஒருச்சாச்சு நிக்கும்" என்றார் கொத்தனார்.

நான் கேட்கவில்லை. இதே டியூபை வைத்து, அரை அங்குலம் வந்திருக்கிறதா என்று மூன்று முறை அளந்து, சரியாக இருக்கிறது என்று சொன்னவன் நான்தான். உன் வண்டியின் இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவே நாலடிதான். அரை அங்குலம் என்றால் பன்னிரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. தண்ணீர் பொய் சொல்லவில்லை, சரவணா. தண்ணீர் மட்டத்திலிருந்து உன் வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொன்னது. சக்கரங்கள் நிற்பது தண்ணீர்மேல் அல்ல, நான் சாய்த்துப் போட்ட தரைமேல் என்பதை யோசிக்க வேண்டியது என் வேலை. முதல் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுகிற பாடம் அது: எதிலிருந்து அளக்கிறாய் என்பதை முதலில் சரிபார். அம்மா அன்று இரவு வாட்டம் என்ற சொல்லையே என்னிடம் சொன்னாள். அவள் உன் முகத்தைச் சொன்னாள். இரண்டு வாட்டமும் என் கண்ணெதிரேதான் இருந்தன.

மழை விட்டதும் யூசுப் பாய்க்குப் போன் செய்தேன். ஐந்து வருடத்தில் நான் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. குரலை அடையாளம் தெரியாமல் இரண்டு முறை "யாருங்க?" என்றார். புதன்கிழமை காலை தன் டூல் பெட்டியோடு வந்தார். தாடி முழுக்க வெளுத்துவிட்டது.

"இன்னா சார், இரும்புக்குப் போடறதுக்கு முந்தி பொண்ணுக்கு இன்னொரு தபா ஒசரம் பாக்கணுமா?"

"ஆமா பாய். அன்னிக்கு நான் சரியாப் பாக்கல."

அவர் டூல் பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். நான்கு டயர்களுக்கும் ஒரே அளவு காற்று வைத்தோம். மாடியில் மிச்சம் கிடந்த டைல்ஸ் துண்டுகளை அளந்து, இரண்டிரண்டாக, பன்னிரண்டு மில்லிமீட்டர் வரும்படி சேர்த்து வைத்தேன். பாய் ஜாக்கி போட்டுத் தூக்க, இடது பக்கத்து டயர்கள் இரண்டுக்கும் அடியில் அவற்றை வைத்தோம். வண்டியைப் பின்னாலிருந்து நான்கைந்து முறை அமுக்கிவிட்டு, ஸ்பிரிங்குகள் தம் இடத்துக்கு வந்து உட்காரும் வரை காத்திருந்தோம். பிறகு டியூபைப் பிடித்தோம். இடது பக்கம் ஆறு தாழ்வு. இன்னொரு முறை. ஆறு. மூன்றாவது முறை இடம் மாறி நின்று அளந்தோம். ஆறு.

ஆறுதானேப்பா வரணும் என்று நீ கேட்டது அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது.

"பாய், இந்த ஆறு எங்கேருந்து வருது?"

"அத்த நீங்கதான் சார் சொல்லணும். நீங்க வாத்தியாரு."

ஆனாலும் அவர் ஜாக்கியை வலது பின்புறத்துக்கு நகர்த்தி, சக்கரத்தைக் கழற்றினார். வலது ஸ்பிரிங்கின் தலைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு அலுமினிய வளையம் இருந்தது. இடது பக்கம் அப்படி எதுவும் இல்லை; வலது பக்கத்தை ஆறு மில்லிமீட்டர் தூக்கிப் பிடித்தது இதுதான். துடைத்துப் பார்த்தேன். கடைசல் மெஷினில் சுத்தமாக வெட்டிய வளையம். ஓரத்தில் ஊசியால் கீறிய மாதிரி 72 என்று எழுதியிருந்தது. உன் கையெழுத்து. ஏழின் காலில் நீ போடும் குறுக்குக் கோடு இருந்தது. வெர்னியரைக் கொண்டு வந்து அளந்தேன். வெளிவட்டம் எழுபத்திரண்டு இல்லை. உள்வட்டமும் இல்லை. எதைக் கூட்டினாலும் கழித்தாலும் எழுபத்திரண்டு வரவில்லை. பாய் படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அது தம்பி வெயிட்டு."

"வெயிட்டா?"

"தாம்பரம் டேசன்ல மிசின்ல ஏறி சீட்டு எடுத்துகினு வந்துச்சு. எழுவத்தி ரெண்டு. ஆளு வலப்பக்கம் குந்துனா வண்டி அந்தப் பக்கம் தாழும் பாய், அதனால வெத்து வண்டிய எடது பக்கம் ஆறு தாழ வெக்கணும், நான் ஏறுனா மட்டம் ஆயிடும்னிச்சு. ரேசு வண்டிக்கு அப்டித்தான் வெப்பாங்களாம். ரெண்டு நாளு கடைசல்காரன் உயிர எடுத்துச்சு இந்த ஒரு வளையத்துக்கு."

"இத ஏன் பாய் அன்னிக்கே சொல்லல?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "தம்பியே வாய மூடிகினு நிக்கசொல்ல, நான் இன்னாத்த சொல்றது? நீங்க டியூப சுருட்டிகினு உள்ள போய்ட்டீங்க. மூஞ்சியப் பாத்தா இன்னொரு தபா அளக்கற மூஞ்சியா இல்ல."

வளையத்தை இருந்த இடத்திலேயே வைத்துச் சக்கரத்தை மாட்டினோம். மீதி இருந்தது ஒரே சோதனை. என் எடை ஐம்பத்து நான்கு. அம்மாவுக்குச் சர்க்கரை வந்தபோது வாங்கிய எடை மெஷினைக் கொண்டு வந்து, பாயின் டூல் பெட்டியை அதன்மேல் வைத்தோம். இருபத்தொன்று காட்டியது. உன் எழுபத்திரண்டு வர நமக்கு வேண்டியது பதினெட்டு. அவர் ஒவ்வொரு ஸ்பேனராக எடுத்து வெளியே வைத்தார். "இவ்ளோ சுத்தமா என் பொட்டிய யாரும் எட போட்டதில்ல சார், இரும்புக்காரன்கூட" என்றார்.

உன் வண்டியில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே விட்டு, இடுப்பைத் தாழ்த்தி, விழுவது போல் உட்கார வேண்டியிருந்தது. அவ்வளவு கீழே உட்கார்ந்தால் நம் வீட்டு வாசற்படியே உயரமாகத் தெரிகிறது. ஸ்டியரிங்கைத் தொட்டேன். பாய் பெட்டியைத் தூக்கி என் மடியில் வைத்தார். அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். பின்னால் அவர் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒரு முனையைக் கொடுத்து, தான் ஒரு முனையைப் பிடிப்பது கேட்டது. ஒரு விமானம் தாழப் போயிற்று. அது போய் முடியும்வரை காத்திருந்தார்கள்.

"சார், ஒண்ணா கீது."

"எவ்வளவு வித்தியாசம் பாய்?"

"வித்தியாசமே இல்ல சார். ரெண்டு பக்கமும் தண்ணி விளிம்புலயே நிக்குது."

"இடம் மாறி நின்னு இன்னொரு தடவை பாருங்க."

"பாத்தாச்சு. ஒண்ணுதான்."

"மூணாவது தடவை?"

"மூணு தபாவும் பாத்துட்டேன் சார். நம்புங்க."

நான் இறங்கிப் போய் என் கண்ணால் பார்க்க முடியாது. இறங்கினால் அளவு போய்விடும். என் வாழ்நாளில் இன்னொருவர் சொன்ன அளவை நான் எழுதியது கிடையாது. உன் அம்மா சொன்ன காய்ச்சல் அளவைக்கூடத் தெர்மாமீட்டரை வாங்கிப் பார்த்த பிறகுதான் நம்புவேன். அந்த வண்டி நேராக நிற்பதை, அதைச் செய்தவன் இல்லாமல், உள்ளே உட்கார்ந்து ஒரு இரும்புப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, யூசுப் பாய் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் இறங்காமலே இருந்தேன்.

போகும்போது பாய் சொன்னார்: "தம்பிக்குனு வெச்ச மூலைல பழைய டயர அடுக்கி வெச்சிகீறேன் சார். காலி பண்ணணும்னா அரைநாளு வேல." இதை அவர் உனக்குச் சொல்லச் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்ல வரவில்லை. உனக்கு அங்கே வீடும் குடும்பமும் இருக்கிறது, அது நல்ல வாழ்க்கை என்று எனக்குத் தெரியும். உன் வாழ்க்கையை இன்னொரு முறை அளந்து சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் எனக்குக் கை சரியில்லை என்று நினைத்துக்கொண்டு நீ அங்கே இருக்கக் கூடாது. உன் கை சரியான கை. ஒரு மில்லிமீட்டர்கூடத் தவறாத கை. நீயும் இப்போது ஒரு பிள்ளைக்கு அப்பா. அவள் ஏதாவது செய்துகொண்டு வந்து உன்னிடம் காட்டுவாள். அதில் ஒரு குறை உன் கண்ணில் பட்டு, உடனே உனக்குள் ஒரு நிம்மதி வந்தால், அந்த அளவை நம்பாதே. அவள் ஆறு என்று சொன்னால், ஏன் ஆறு என்று கேள். நான் கேட்டிருந்தால் நீ அரை நிமிடத்தில் சொல்லியிருப்பாய்.

இரும்புக்காரருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டார், வண்டி சொல்லி ஆள் சொல்லிவிட்டாராம். வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிட்டேன், இரண்டு முறை. நீ சொன்னதற்கு மாறாகச் செய்திருக்கிறேன். விற்பதானாலும் நேரான வண்டியாக விற்க வேண்டும், அதை நீ முடிவு செய்ய வேண்டும். இடது டயர்களுக்கு அடியில் டைல்ஸ் துண்டுகள் அப்படியே இருக்கின்றன. நோட்டில் அந்தப் பழைய வரியை அடிக்கவில்லை. ரெக்கார்டில் எழுதியதை அடிக்கக் கூடாது. அதன் கீழே, பிழைக்குக் காரணம் என்று எழுதும் இடத்தில், அளந்தவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இந்த ஞாயிறு நீ போன் செய்யும்போது கடிதம் உன் கைக்கு வந்திருக்காது. நானும் வழக்கம்போல ஒண்ணுமில்ல என்றுதான் சொல்வேன். படித்த பிறகு எனக்கு ஒன்றே ஒன்று மட்டும் எழுது. இப்போது உன் எடை எவ்வளவு? ஐந்து வருடத்தில் கூடியிருக்கும், போட்டோவில் முகம் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது. யூசுப் பாயின் கடைசல்காரர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார். வளையத்தின் கனத்தை மாற்ற வேண்டியிருக்கும்.

அப்பா